கரிசல் சாலைக்கு பாக்டீரியா: மண்ணை இறுக்குவது நுண்ணுயிரா, கால்சியமா?

கேள்வி, ஜூன் 11
விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். பஸ் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் சாலை போட்ட மறு வருஷமே நீளவாக்கில் பிளந்துவிடுகிறது. கரிசல் மண்தான் காரணம் என்கிறார்கள். பாக்டீரியாவைக் கலந்தால் களிமண் கல்லாகிவிடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். போன மாதம் ஒருவர் வந்து, ஒரு கேன் திரவம் ஒரு கிலோமீட்டருக்குப் போதும் என்று பஞ்சாயத்தில் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நான் சிவில் டிப்ளமோ இறுதியாண்டு. இதை புராஜெக்டாக எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு
தம்பி, புராஜெக்டாக எடுங்கள், கட்டாயம் எடுங்கள். கேனை வாங்க வேண்டாம் என்று பஞ்சாயத்தில் இன்றே சொல்லிவிடுங்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் இருந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஜூன் 12
முதலில் அடிப்படை. இந்த வேலையில் அதிகம் பேசப்படும் பாக்டீரியாவின் பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்சுரி. பழைய புத்தகங்களில் பேசில்லஸ் பாஸ்சுரி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். அது யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்கும். அந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் ஆக்கும். சுற்றியிருக்கும் நீரின் காரத்தன்மை ஏறி பிஎச் 9 பக்கம் போகும். அந்த நேரத்தில் நீரில் கால்சியம் இருந்தால் (பெரும்பாலும் கால்சியம் குளோரைடாகக் கொடுப்பார்கள்) கார்பனேட்டோடு சேர்ந்து கால்சைட் படிகமாக விழும். மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அது படிந்தால் மணல் மணற்கல் ஆகிவிடும். வீடியோவில் நீங்கள் பார்த்தது அனேகமாக மணலாகத்தான் இருக்கும். இன்னொரு முறை பாருங்கள்.

ஜூன் 12, இரவு
கேன் கணக்குக்கு வருகிறேன்.

பாக்டீரியா சமையல்காரர் மாதிரி. அரிசியை நாம்தான் கொடுக்க வேண்டும். கால்சைட் ஆக வேண்டிய கால்சியமும் கார்பனேட்டும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் சாலை, ஓரங்களையும் சேர்த்து 7.5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் என்று வையுங்கள். 2,250 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.6 டன் என்றால் 3,600 டன். அதில் எடைக்கு 2 சதவீதம் கால்சைட் உண்டாக்க வேண்டும் என்றால் 72 டன். 100 கிராம் கால்சைட்டுக்கு 60 கிராம் யூரியாவும் 111 கிராம் கால்சியம் குளோரைடும் வேண்டும், இது வேதியியல், யாரோடும் பேரம் பேசாது. ஆக, யூரியா 43 டன், கால்சியம் குளோரைடு 80 டன். 45 கிலோ மூட்டையாக எண்ணினால் யூரியா மட்டுமே 960 மூட்டை.

ஒரு கேன் திரவத்தில் இது எங்கே இருக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க, அதே மண்ணுக்கு 4 சதவீதம் சுண்ணாம்பு போட்டால் 144 டன். எடையில் அதிகமாகத் தெரிந்தாலும் அது ஒரே பொருள், உள்ளூரிலேயே கிடைக்கிறது, எப்படிக் கலப்பது என்று நம் ரோலர் டிரைவர் வரைக்கும் தெரியும்.

ஜூன் 13
கீழே ஒருவர் "யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுதானே, 960 மூட்டை பெரிய காசில்லையே" என்று கேட்டிருக்கிறார். ஐயா, அது விவசாயத்துக்கான மானிய விலை. வேப்பெண்ணெய் பூசிய அந்த யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். சாலைக்கென்றால் தொழிற்சாலைத் தர யூரியாவை முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சம்பா நடவு நேரத்தில் யூரியாவுக்கு வரிசையில் நிற்கும் ஊர்கள் உள்ள நாட்டில், லாரி லாரியாக அதைச் சாலையில் கொட்டினால் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

ஜூன் 14
மணலுக்கும் களிமண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று தம்பி தனிச்செய்தியில் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இந்த பாக்டீரியா ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம். களி என்று நாம் சொல்வதே 2 மைக்ரானுக்குக் குறைந்த துகளைத்தான். துகளே பாக்டீரியா அளவில் இருக்கும்போது, இறுக்கிய களியில் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைவிடச் சிறியது. பாக்டீரியா உள்ளே நடமாடவே முடியாது. மணலில் மேலே ஊற்றினால் கீழே வரை போகும். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் ஆரம்பத்தில் செய்ததெல்லாம் மணல், சரளை. டெல்ஃப்டில் 100 கன மீட்டர் மணலைத் தொட்டியில் வைத்துச் செய்து காட்டினார்கள்.

தண்ணீரே போகாது என்பது இன்னொன்று. நன்றாக இறுக்கிய கரிசலின் நீர் ஊடுருவல் விநாடிக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு சென்டிமீட்டர்ப் பக்கம் இருக்கும் என்றால், வருஷத்துக்கு மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் ஆழம் போக முப்பது வருஷம். தெளித்துவிட்டால் இறங்கிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடையில் வெடித்த வயலில் ஊற்றினால் வெடிப்பு வழியே ஓடிவிடும், கட்டிக்குள் நுழையாது.

அப்படியானால் கலக்கத்தான் வேண்டும். டிராக்டர், ரோட்டவேட்டர். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. கரிசலை இறுக்க உகந்த ஈரம் 25 சதவீதம் என்று வைப்போம். மண்ணில் ஏற்கனவே 12 சதவீதம் ஈரம் இருந்தால் நீங்கள் சேர்க்கக்கூடியது ஒரு கிலோ மண்ணுக்கு 130 மில்லி கரைசல். லிட்டருக்கு ஒரு மோல் (அதாவது 60 கிராம் யூரியா, 111 கிராம் கால்சியம் குளோரைடு) என்ற கெட்டியான கரைசலே ஆனாலும் கிடைக்கும் கால்சைட் 13 கிராம், அதாவது 1.3 சதவீதம். அதற்கு மேல் கெட்டியாக்கினால் உப்பு தாங்காமல் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிவிடும். மணலில் கரைசலைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சலாம். களியில் ஒரே வாய்ப்பு.

ஜூன் 14, பின்குறிப்பு
மேலே 2 சதவீதத்துக்குப் போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள். அந்த 2 சதவீதமே ஒரே கலவையில் எட்டுவது கஷ்டம்.

ஜூன் 18
இப்போது என் கைப்பட்ட அனுபவம். இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எட்டயபுரம் சாலையோரத்தில் எடுத்த கரிசலில், ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையோடு சேர்ந்து செய்தோம். அவர்கள் பாக்டீரியா வளர்த்துக் கொடுத்தார்கள், நாங்கள் மண்ணை இறுக்கி சிபிஆர் (சாலைக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் எண்) அச்சில் போட்டு விதிப்படி 96 மணி நேரம் ஊறவைத்தோம். இந்த மண்ணின் ஊறிய சிபிஆர் 2, 3 என்று கிடக்கும். போக்குவரத்து அதிகம் உள்ள சாலைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் (சாலை விதிகளை வகுக்கும் அமைப்பு) 37ஆம் விதிநூல் குறைந்தது 5 கேட்கிறது. பாக்டீரியா கலந்த அச்சு உப்பி வீங்காமல் நின்றது, பிஸ்டனையும் நன்றாகத் தாங்கியது. கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தத் துறையின் பேராசிரியை ஒருவர் மட்டும் சும்மா இருக்கவில்லை. "பாக்டீரியா இல்லாமல் கால்சியம் குளோரைடு மட்டும் போட்ட அச்சு எங்கே?" என்று கேட்டார். அதையும் போட்டோம். அதுவும் நின்றது. கிட்டத்தட்ட அதே அளவுக்கு.

காரணம் பிறகு யோசித்தால் எளியது. கரிசலில் இருப்பது மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம். தாள் அடுக்கு போன்ற அதன் அமைப்புக்கு நடுவே சோடியம் இருந்தால் தண்ணீரை இழுத்து உப்பும். கால்சியம் கிடைத்தால் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும், உப்பல் குறையும். இதற்கு எந்த உயிரும் வேண்டாம். நீரில் உப்பு அதிகமாக இருப்பதே தற்காலிகமாக உப்பலை அடக்கும்.

அப்புறம் அச்சுகளின் வழியே நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிப் பார்த்தோம், ஒரு மழைக்காலம் சாலையில் செய்வது அதுதானே. வெறும் கால்சியம் குளோரைடு அச்சு மெல்ல மெல்ல உப்ப ஆரம்பித்தது. பாக்டீரியா அச்சு அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. அந்த வித்தியாசம் மட்டும்தான் பாக்டீரியாவின் சம்பாத்தியம். இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் முதல் நாள் கண்ட வெற்றியில் அது ஒரு சிறு பங்கு.

களிமண்ணில் பாக்டீரியா என்று யார் என்ன படம் காட்டினாலும், கால்சியம் மட்டும் போட்ட மாதிரி என்ன ஆனது, கழுவிய பிறகு என்ன ஆனது என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூன் 18, இரவு
ஒன்று விட்டுப்போனது. யூரியாவும் கால்சியமும் போட்டு, பாக்டீரியா சேர்க்காத அச்சும் வைத்திருந்தோம். மூடியைத் திறந்தால் அதிலும் அம்மோனியா நெடி! யாரும் சேர்க்காத பாக்டீரியா அங்கே வேலை செய்திருக்கிறது. அதாவது கரிசலுக்குள்ளேயே இருக்கும் கூட்டம்.

ஜூன் 19
"அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நேற்று ராத்திரி எழுதிய நெடி விஷயத்தில்தான் எனக்கு நம்பிக்கை.

வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுபோய் களிக்குள் திணிப்பதற்குப் பதிலாக, அங்கேயே பிறந்து வளர்ந்ததற்குத் தீனி போட்டு உசுப்பிவிடலாம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாஸ்கர் சித்தூரியின் குழு உப்பி வீங்கும் களிமண்களில் இந்த வழியைத்தான் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. மண்ணில் ஏற்கனவே பரவிக் கிடப்பதால் ஊடுருவல் பிரச்சினை பாதியாகிறது. கரைசலை உள்ளே கொண்டுபோகும் பாடு மட்டும் மிச்சம்.

நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ஈரக் கரிசலில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டு மண் அணைக்காமல் விட்டால் சத்து காற்றோடு போய்விடும் என்று எந்தச் சம்சாரியும் சொல்வார். அந்த இழப்பைச் செய்வதும் இதே யூரியேஸ் நொதிதான். சாலைக்காரர்கள் சோதனைக் குழாயில் தேடுவதை அவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடைக்கும் இல்லையா? அது இயற்கை தானாகப் படிய வைத்த கால்சியம் கார்பனேட்தான். எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதுதான் வித்தியாசம். இதனால் சோதனையில் ஒரு சிக்கலும் உண்டு. அமிலம் ஊற்றிக் கால்சைட்டை அளக்கும்போது, மண்ணில் முன்பே இருந்த சுண்ணாம்பும் சேர்ந்து பொங்கும். அதைக் கழிக்காமல் "இவ்வளவு கால்சைட் உண்டானது" என்று எழுதினால் அது சுக்கான் கல்லின் கணக்கு.

ஜூன் 22
அம்மோனியா பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

72 டன் கால்சைட் உண்டாகும்போது கூடவே 26 டன் அம்மோனியம் உண்டாகும். களித்துகள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது நல்லது. மீதி? ஒரு பங்கு ஆவியாகும், வேலை செய்பவர்களின் கண்ணும் மூக்கும் எரியும். ஒரு பங்கை வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். அந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகிறது. அமிலம் கால்சைட்டைக் கரைக்கும். சேர்த்து வைத்ததை அடுத்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. நைட்ரேட் மழையோடு நகர்ந்து ஊருணிக்கோ கிணற்றுக்கோ போனால் குடிதண்ணீர் கெடும். குளோரைடு பக்கத்துக் கல்வெர்ட்டுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

எங்கள் பக்கம் ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறோம். ஊருணிக் கரையோரம் போகும் சாலையில் இதை முயற்சிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஜூன் 23
நுண்ணுயிரியல் படித்த அக்கா ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: பாக்டீரியாவே எதற்கு, நொதியை மட்டும் போட்டால் என்ன?

அருமையான வழி. யூரியேஸ் மூலக்கூறு பன்னிரண்டு நானோமீட்டர் பக்கம், பாக்டீரியாவில் நூறில் ஒரு பங்கு. களியின் சந்துகளில் நுழையும். செடி விதைகளிலேயே அது இருக்கிறது. நம் தம்பட்டங்காய்க்கு உறவான ஜாக் பீன், தர்பூசணி விதை, சோயா, கொள்ளு எல்லாவற்றிலும் உண்டு. ஜாக் பீனிலிருந்துதான் 1926இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கி, நொதி என்பது புரதம் என்று நிரூபித்தார். சிறுவயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர், ஒற்றைக் கையோடு அந்த வேலையைச் செய்தார். பலர் நம்பவில்லை. 1946இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. மண்ணை இறுக்குகிறோம் என்று தொடங்கினால் எங்கெங்கோ போய்விடுகிறோம், ஆனால் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை.

கால்சியத்துக்கும் மாற்று வழி பார்க்கிறார்கள். முட்டை ஓட்டை வினிகரில் கரைத்துக் கால்சியம் எடுக்கலாம். குளோரைடு தொல்லை கிடையாது. ஈரோடு, நாமக்கல் பக்கம் முட்டைப் பொடி ஆலைகள் இருக்கின்றன, ஓட்டுக்கா பஞ்சம்? அங்கே பக்கத்தில் படிக்கும் பிள்ளைகள் யாராவது எடுத்துச் செய்யுங்களேன்.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் "பயோ என்சைம்" என்று சாலைக்கு விற்கும் திரவங்கள் வேறு சங்கதி. அவற்றுக்கும் யூரியேஸுக்கும் சம்பந்தமில்லை, கால்சைட்டும் உண்டாகாது. அவை சில மண்ணில் பலன் தரும், சில மண்ணில் தராது. பாக்டீரியா பற்றிய கட்டுரையைக் காட்டி அந்தத் திரவத்தை விற்றால் ஏமாறாதீர்கள். பஞ்சாயத்துக்கு வந்த கேன் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜூன் 24
பெங்களூரு ஐஐஎஸ்சி 2020இல் இஸ்ரோவோடு சேர்ந்து நிலவு மண் மாதிரியில் செங்கல் செய்ததைப் பற்றி ஒருவர் இணைப்பு போட்டிருக்கிறார். ஆமாம், அதே ஸ்போரோசார்சினா பாஸ்சுரிதான், யூரியாவும் கொத்தவரைப் பிசினும் சேர்த்துச் செய்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. அது அச்சில் வார்க்கும் கல். நாம் பேசுவது மழையிலும் வெயிலிலும் லாரிக்கு அடியிலும் கிடக்கும் கரிசல்.

ஜூன் 29
சுண்ணாம்பைப் பற்றி முன்பு எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும் என்று சில நாளாக மனசில் ஓடுகிறது.

சுண்ணாம்பு எல்லாக் கரிசலுக்கும் ஆகாது. மண்ணில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இருந்தால், சுண்ணாம்பின் உச்சக் காரத்தில் களியிலிருந்து அலுமினா கரைந்து, சல்பேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். நிறைய நீரை உள்வாங்கிப் பெருக்கும். சாலை மேடு மேடாக எழும்பும். பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் போனவர்களுக்குத் தெரியும், களிமண்ணில் ஜிப்சம் தகடு தகடாகப் பளபளக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிஎச் 9 பக்கமே நிற்கும் யூரியேஸ் முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சுண்ணாம்பு கைகொடுக்காத இடத்துக்கு மாற்று என்று பார்த்தால் ஆராய்ச்சிக்குப் பொருள் உண்டு. சுண்ணாம்பு வேலை செய்யும் இடத்தில் அதோடு போட்டி போட வைப்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை.

மணலுக்குத்தான் இந்த பாக்டீரியா முறை பிறந்தது என்று திரும்பவும் சொல்கிறேன். விளாத்திகுளம் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே குதிரைமொழித் தேரி இருக்கிறதே, காற்றில் பறக்கும் அந்தச் செம்மணலில் மேலாக ஒரு பொருக்கு உண்டாக்க இந்த முறை பொருத்தம். சாலை மேல் மணல் ஏறுவதைத் தடுக்கலாம். ஒரே மாவட்டத்தில் இரண்டு மண், இரண்டு விதி.

ஜூலை 3
தம்பி அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். பிளவு எல்லாம் சாலை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, நீளவாக்கில் போகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. இது கரிசலின் கையெழுத்து. தார் மூடிய நடுப்பகுதியில் ஈரம் மாறாது. ஓரம் கோடையில் காய்ந்து சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். பிளவு நடுவே விழாமல் ஓரமாகவே ஓடுவது அதனால்தான். போட்டோவில் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கிறது, வேர் ஈரத்தை உறிஞ்சி ஓரத்தை இன்னும் காய வைக்கும். ஒரு பக்கம் வாய்க்காலே இல்லை, தண்ணீர் குட்டையாக நிற்கிறது.

இந்தச் சாலைக்கு பாக்டீரியாவும் வேண்டாம், கேனும் வேண்டாம். ஓரத்துக்கு உப்பாத மண் போட்டு அகலப்படுத்தி, தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டினாலே பாதி சரியாகும். உப்பும் மண் மேல் உப்பாத களிமண்ணை ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போடும் முறையை ஐஐடி பம்பாயில் ஆர்.கே. கட்டி ஆராய்ந்து கொண்டுவந்தார், கால்வாய்க் கரைகளில் பயன்பட்டது. கிராமச் சாலைக்கு அவ்வளவு கனம் கட்டுப்படியாகாது. ஆனால் நல்ல செம்மண் கிராவலை ஓரம் வரை முழு அகலத்துக்கும் போடுவது கட்டுப்படியாகும். நம் ஊர்களில் தார் அகலத்துக்கு மட்டும் கிராவல் போட்டுவிட்டு ஓரத்தில் வெட்டிய கரிசலையே திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். அதை நிறுத்தினாலே போதும்.

ஜூலை 4
"சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்கிறீர்களா, நிழல் போய்விடுமே" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். சாலையை ஒட்டி நிற்பதை மட்டும் எடுத்துவிட்டு, சாலை எல்லைக்குத் தள்ளி வேம்பு வையுங்கள் அம்மா. வேம்புக்கும் வேர் உண்டு, அதனால்தான் தள்ளி.

ஜூலை 9
புராஜெக்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். இனி வேலைக்கு வருவோம்.

உழவு மண்ணை எடுக்காதீர்கள், அதில் உரமும் வேரும் இருக்கும். சாலை ஓரத்தில் ஒரு மீட்டருக்குக் கீழே எடுங்கள். முதலில் சல்பேட், அப்புறம் இயற்கையாக உள்ள கார்பனேட், அப்புறம் தடையிலா உப்பல் குறியீடு (மண்பொடியைத் தண்ணீரில் போட்டால் எத்தனை சதவீதம் வீங்குகிறது என்ற அளவு) என்று சோதியுங்கள். குறியீடு 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த மண்ணைச் சாலைக் கரைக்கு நிரப்பவே கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி, அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அச்சு ஐந்து வகை: வெறும் தண்ணீர், கால்சியம் குளோரைடு மட்டும், யூரியாவும் கால்சியமும், அதோடு பாக்டீரியா, கடைசியாக 4 சதவீதம் சுண்ணாம்பு. ஒவ்வொன்றிலும் இரட்டை போடுங்கள். ஒரு ஜோடியில் ஒன்று ஊறவைத்ததும் சோதனைக்கு, இன்னொன்று நல்ல தண்ணீரில் கழுவிய பிறகு. வெளியே வரும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அம்மோனியமும் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும். அறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பாக்டீரியா அச்சு சுண்ணாம்பு அச்சிடம் தோற்றுப்போனால் கவலைப்படாமல் அப்படியே எழுதுங்கள். மண் மூட்டை கட்டும்போது ஈரம் மாறாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பை போட்டு வாயைக் கட்டி, எடுத்த ஆழத்தை மேலே எழுதி அனுப்புங்கள். சல்பேட் சோதனையை நான் இங்கே செய்து தருகிறேன்.